சவுக்குக்கு ஆசி கூறியோர்

அமெரிக்க நாட்டிலே, மேரிலாந்து மாநிலத்திலே, 1818ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தான் பிறந்த நாள் எது என்பது அந்தக் குழந்தைக்குக் கடைசி வரையில் தெரியாது. பண்ணை எஜமானனின் கணக்கேட்டிலே மட்டும், மாடு கன்று ஈன்றதைக் குறித்து வைப்பதுபோல, இந்தத் தாய்க்கு இந்த மாதம் ஒரு பிள்ளை என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. ஏனென்றால் அந்தக் குழந்தை குடும்பத்திற்கு வந்த செல்வம் அல்ல. பண்ணைக்குச் சேர்ந்த சொத்து!

அந்தச் சொத்துதான் பின்னாளில் எஜமானர்களின் உறக்கத்தைக் கெடுத்தது. ஏடு நடத்தியது. மேடை ஏறியது. நாட்டின் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் எதிரே அமர்ந்து நியாயம் கேட்டது. அவர்தான் பிரெடரிக் டக்ளஸ்.

அடிமை முறை சவுக்கால் வாழ்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். பகலெல்லாம் அடித்தவனுக்கு இரவிலே நெஞ்சு உறுத்தினால், மறுநாள் அவன் கை தயங்கும். அந்த உறுத்தல் எழாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். அடிப்பது பாவமல்ல, ஆண்டவன் வகுத்த ஒழுங்கு என்று அவன் காதிலே ஓத ஒருவர் வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில் அந்த வேலையைச் செய்தவர்கள் வேத நூலைக் கையில் ஏந்திய போதகர்கள். சவுக்கைப் பிடுங்கப் போராடியவர்கள் பலர். சவுக்குக்குக் கிடைத்து வந்த ஆசியைப் பிடுங்கப் போராடியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் டக்ளஸ். அந்தப் போராட்டத்தின் கதைதான், தோழர்களே, அவருடைய வாழ்க்கைக் கதை.

ஏட்டிலே ஒரு வரி

தாயின் பெயர் ஹாரியட் பெய்லி. தாயையும் பிள்ளையையும் பிரித்து வைப்பது அந்தப் பகுதியின் வழக்கம். பாட்டியிடம் பிள்ளை வளர்ந்தது. வேறொரு பண்ணையில் உழைத்து வந்த தாய், வேலை முடிந்தபின் இருட்டிலே 12 மைல் நடந்து வந்து, பிள்ளையின் பக்கத்தில் சற்று நேரம் படுத்திருந்துவிட்டு, விடிவதற்குள் திரும்பி நடப்பாள். கதிரவன் எழும் வேளையில் வயலில் நிற்காவிட்டால் சவுக்கடி! பிள்ளைக்கு ஏழு வயது ஆவதற்குள், அல்லது ஆகும் வேளையில், அவள் இறந்து போனாள். தகப்பன் ஒரு வெள்ளையன் என்று பேசிக் கொண்டார்கள். யார் என்பது அவருக்கு உறுதியாகத் தெரியவே இல்லை.

பண்ணைச் சிறுவர்களுக்கு உடை, முழங்கால்வரை தொங்கும் ஒரு முரட்டுத் துணிச் சட்டை. உணவு, மரத் தொட்டியில் கொட்டி வைத்த மக்காச்சோளக் கூழ். பன்றிக் குட்டிகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் ஓடிவந்து சிப்பியாலும் கையாலும் அள்ளி உண்ணும். குளிர் இரவுகளில் தானியச் சாக்கு ஒன்றுக்குள் தலையை நுழைத்துக் கொண்டு தரையில் படுப்பான் சிறுவன் பிரெடரிக். தன் சித்தியை எஜமானன் கட்டிவைத்துக் குருதி சொட்டச் சொட்ட அடித்ததை, ஒளிந்திருந்து கண்ட கண்கள் அவனுடையவை.

எஜமானன் ஆரன் அந்தோணி இறந்தபோது சொத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. மதிப்புப் போடுவதற்காக எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். குதிரை, ஆடு, பன்றி, அவற்றோடு ஆண், பெண், கிழவர், குழந்தை. ஒரே ஏடு, ஒரே மதிப்பீடு! பத்து வயதுகூட நிரம்பாத சிறுவன் அந்த வரிசையில் நின்றான். தான் யார் என்று அந்தச் சமுதாயம் எண்ணுகிறது என்பது அவனுக்கு அன்று விளங்கிற்று.

எழுத்தைத் திருடியவன்

1826இல் அவனைப் பால்டிமோர் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே ஹியூ ஆல்டு என்ற கப்பல் தச்சர் வீட்டில் வேலை. ஹியூவின் மனைவி சோபியா பக்தி மிக்க பெண்மணி. அதற்கு முன் அடிமை யாரையும் வைத்திராதவர். அவர் வேத நூலை உரக்கப் படிப்பதைக் கேட்ட சிறுவனுக்கு, அந்த மாயம் தனக்கும் வேண்டும் என்று ஆசை பிறந்தது. கேட்டான். கேட்டதும் அந்த அம்மையார் எழுத்துக் கற்றுக் கொடுக்கத் தொடங்கினார். சூதறியாத மனம்!

கணவன் அறிந்தான், கொதித்தான். அடிமைக்கு எழுத்துத் தெரிந்தால் அவன் அடிமையாக இருக்க மாட்டான் என்று மனைவியைக் கண்டித்தான். பாடம் நின்றது. ஆனால், நின்ற பாடத்தைவிட அந்தக் கண்டிப்பே சிறுவனுக்குப் பெரிய பாடமாயிற்று. எதைக் கண்டு எஜமான் நடுங்குகிறானோ அதுவே விடுதலைக்கு வழி என்று பிடித்துக் கொண்டான். தெருவிலே விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து, பதிலுக்கு எழுத்து வாங்கினான். அவர்களுக்கு வயிற்றுப் பசி, இவனுக்கு அறிவுப் பசி. கப்பல் பட்டறையில் மரங்களின்மேல் தச்சர்கள் போடும் அடையாள எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினான். காலணி துடைத்துச் சேர்த்த 50 சென்டுக்குச் சொற்பொழிவுத் தொகுப்பு நூல் ஒன்றை வாங்கினான்.

அதே நகரில் லாசன் என்ற கருப்பு முதியவர் இருந்தார். சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர். ஓயாமல் வழிபாட்டில் ஈடுபட்டவர். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிறுவன் அவருக்கு உதவினான். உட்பொருளை அவர் இவனுக்கு எடுத்துச் சொன்னார். அந்த ஏழைக் கிழவரிடம்தான் அவன் சமயத்தைக் கற்றான். நினைவிலே வையுங்கள் தோழர்களே! டக்ளஸ் சமயத்தை அறியாமல் எதிர்த்தவர் அல்ல. வண்டிக்காரக் கிழவரிடம் கண்ட பக்தி எது, பண்ணையார் வீட்டில் காணும் பக்தி எது என்று இரண்டையும் எடை போட்டுப் பார்த்தவர்.

பக்தி வந்தது, சவுக்கு ஓங்கியது

பதினைந்து வயதில் அவனை மீண்டும் நாட்டுப்புறத்துக்கு அழைத்துக் கொண்டார்கள். இப்போது எஜமானன் ஹியூவின் அண்ணன் தாமஸ் ஆல்டு. கஞ்சன், வயிறார உணவும் கொடுக்காதவன். அந்தப் பக்கத்தில் மெதடிஸ்டு சபையார் பெரிய வழிபாட்டுக் கூட்டம் ஒன்று கூட்டினர். தாமஸ் ஆல்டு அதிலே கலந்து கொண்டு, உருகினான், மனம் திரும்பியதாக அறிவித்தான். அடிமைகள் ஆவலோடு காத்திருந்தார்கள். ஆண்டவனை அறிந்துவிட்டான், இனி அடிக்க மாட்டான். ஒருவேளை நம்மை விடுதலை செய்தாலும் செய்வான் என்று எண்ணினார்கள்.

நடந்தது என்ன? காலையில் வழிபாடு, மாலையில் வழிபாடு, வீடு நிறைய போதகர்கள், விருந்து. அடிமைக்கு மட்டும் அதே பட்டினி, முன்பைவிடக் கொடிய அடி. முன்பெல்லாம் அடிக்கும்போது சொல்ல அவனிடம் நியாயம் எதுவும் கிடையாது. இப்போது வேதம் கிடைத்துவிட்டது! சிறு வயதில் தீயில் விழுந்து கைகள் முடமான ஹென்னி என்ற பெண்ணை, அவள் டக்ளசின் உறவினள், மணிக்கணக்கில் கட்டி வைத்து அடித்தான். அடிக்கும்போது, எஜமானின் விருப்பத்தை அறிந்தும் செய்யாத ஊழியனுக்கு அடி அதிகம் என்று பொருள்படும் வேத வசனத்தை ஓதினான். உழைக்க முடியாதவளாயிற்றே என்பதுதான் அவள்மீது அவனுக்கிருந்த குறை.

சிறுவர் சிலரைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையில் வேத நூலைப் படிக்கக் கற்றுக் கொடுக்க முனைந்தான் பிரெடரிக். வேதம் படிப்பது புண்ணியமாயிற்றே! ஆனால் தடிகளோடு வந்து அந்தப் பள்ளியைக் கலைத்தவர்கள் யார்? அதே சபையின் வகுப்புத் தலைவர்கள், அவர்களோடு தாமஸ் ஆல்டு. அடிமை வேதத்தைக் காதால் கேட்கலாம், கண்ணால் படிக்கக் கூடாது. படித்தால், போதகர் விட்டுவிட்டுப் போகும் பக்கங்களையும் படித்து விடுவானே!

அடங்காத பிள்ளையை அடக்குவதற்கென்று 1834ஆம் ஆண்டின் முதல் நாளில் எட்வர்டு கோவி என்பவனிடம் அனுப்பினார்கள். முரட்டுக் காளையை உழவுக்குப் பழக்குவதுபோல, முரட்டு அடிமைகளைப் பழக்குவது அவன் பெற்ற புகழ். அவனும் சபைத் தலைவன். காலை மாலை வழிபாடு தவறாதவன். ஆறு மாதம் அடித்தான். உடலும் ஒடிந்தது, உள்ளமும் ஒடிந்தது, படிக்கும் ஆசையும் போயிற்று. ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் கோவி மீண்டும் கட்டிப் போட முனைந்தபோது, பதினாறு வயது இளைஞன் அவன் கழுத்தைப் பிடித்தான். இரண்டு மணி நேரம் போராட்டம். உதவிக்குக் கோவி அழைத்த அடிமைகள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், கை கொடுக்க மறுத்துவிட்டனர். கோவி தோற்றான். வெளியே சொன்னால் அடக்குவதில் வல்லவன் என்ற தன் பெயர் கெடும் என்று வாயை மூடிக் கொண்டான். அதன்பின் அந்த இளைஞன்மீது எவனும் சவுக்கு வீசவில்லை.

அடுத்த ஆண்டு வில்லியம் பிரீலண்டு என்பவரின் பண்ணை. பிரீலண்டு பக்தி எதையும் பறைசாற்றிக் கொள்ளாதவர். டக்ளஸ் கண்ட எஜமானர்களிலேயே நல்லவர் அவர்தான்! அங்கே 40 பேருக்கு மேல் கூடிய ரகசியப் பள்ளியை நடத்தினார் டக்ளஸ். நண்பர்களோடு தப்பியோடத் திட்டமிட்டு, காட்டிக் கொடுக்கப்பட்டு, 1836இல் சிறை கண்டார்.

உழைத்தவன் ஒருவன், கூலி ஒருவனுக்கு

மீண்டும் பால்டிமோர். இம்முறை கப்பல் கட்டும் பட்டறை. மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் நார் திணித்து, தார் பூசி, நீர் புகாமல் அடைக்கும் கலப்பற்று வேலை. அங்கே வெள்ளைத் தச்சர்கள், கருப்புத் தச்சர்களை விலக்கினால்தான் வேலை செய்வோம் என்று கருவிகளைக் கீழே போட்டனர். அந்த வெறி மற்ற வேலைகளுக்கும் பரவிற்று. வெள்ளைப் பயிற்சியாளர்கள் நால்வர் டக்ளசைச் சூழ்ந்து அடித்தனர். கண் போகும் அளவுக்கு உதை. சுற்றி நின்ற வெள்ளையர் பலர். தடுத்தவர் இல்லை. வழக்குத் தொடுக்கலாமா என்றால், கருப்பன் சாட்சி செல்லாது, வெள்ளையன் சாட்சி வராது!

அடி வாங்கியவருக்கு அடித்தவர்மேல் கோபம் இருந்தது. ஆனால் அத்தோடு அவர் சிந்தனை நிற்கவில்லை. ஏழை வெள்ளைத் தொழிலாளியைக் கருப்பன்மேல் ஏவிவிட்டு, இருவர் உழைப்பையும் முதலாளி கொள்ளையிடுகிறான் என்பதைப் பிற்காலத்தில் தம் வரலாற்று நூலில் தெளிவாக எழுதி வைத்தார். அடிமையின் உழைப்பை முழுவதும் பறிக்கிறான். அடிமையோடு போட்டியிட வேண்டிய வெள்ளைத் தொழிலாளியின் கூலியைக் குறைத்துப் பறிக்கிறான். நிறப் பகை அந்தக் கொள்ளைக்குப் போட்ட திரை!

தொழிலில் தேர்ந்தபின் நாளுக்கு ஒன்றரை டாலர் ஈட்டினார். வேலை தேடியது அவர், பேரம் பேசியது அவர், வெயிலில் நின்றது அவர். சனிக்கிழமை இரவு வந்ததும் காசு முழுவதையும் ஹியூ ஆல்டின் கையில் வைக்க வேண்டும். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்பான். சில வேளை மனமிரங்கி ஆறு சென்டு திருப்பிக் கொடுப்பான். அந்த ஆறு சென்டு டக்ளசின் நெஞ்சைச் சுட்டது. கொஞ்சமேனும் கொடுக்கிறான் என்றால், முழுவதும் எனக்குரியது என்று அவனுக்கே தெரிகிறது என்றுதானே பொருள்!

1838 செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமி உடை அணிந்து, நண்பர் ஒருவரின் மாலுமிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டு, ரயில் ஏறினார். சீட்டிலிருந்த அங்க அடையாளம் அவருக்குப் பொருந்தாது. சோதகர் உற்றுப் பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஒரு நாளுக்குள் நியூயார்க் சேர்ந்தார். வழிச் செலவுக்கு உதவியவர் அன்னா மர்ரே. வீட்டு வேலை செய்து பிழைத்த, அடிமையல்லாத கருப்புப் பெண். பன்னிரண்டு நாளில் இருவருக்கும் திருமணம். துறைமுக ஊரான நியூ பெட்போர்டில் குடியேறினர். பெய்லி என்ற பெயரை மறைத்து டக்ளஸ் ஆனார்.

பின் வரிசையில் ஆண்டவன் விருந்து

விடுதலை மண்ணில் முதற் பாடம் கசப்பானது. கலப்பற்று வேலைக்குப் போனார். கருப்பன் கருவியைத் தொட்டால் நாங்கள் இறங்கிவிடுவோம் என்றனர் வெள்ளைத் தொழிலாளர். நாளுக்கு இரண்டு டாலர் வேலை போயிற்று. ஒரு டாலருக்கு விறகு அறுத்தார், நிலக்கரி அள்ளினார், கப்பலில் சுமை ஏற்றினார். ஆயினும் அந்த ஒரு டாலர் அவருடைய டாலர்!

ஆலயத்துக்குப் போனார். வடக்கே அடிமை முறை இல்லை, ஆண்டவன் முன்னிலும் பிரிவு இராது என்று நம்பிப் போனார். திருவிருந்து வேளை. முதலில் வெள்ளையர் அனைவருக்கும் அப்பமும் பானமும். அவர்கள் முடித்த பிறகு, மூலையில் நின்ற கருப்பர்களைப் போதகர் அன்பொழுக அழைத்தார், ஆண்டவன் ஆள் பார்ப்பதில்லை என்று சொல்லிக் கொண்டே! டக்ளஸ் எழுந்து வெளியேறினார். அந்த வாசலை மீண்டும் மிதிக்கவில்லை. கருப்பு மக்கள் தாங்களே அமைத்துக் கொண்ட சீயோன் மெதடிஸ்டு சபையில் சேர்ந்தார். அங்கேயே பேசப் பழகினார்.

1841இல் நான்டக்கெட் தீவில் அடிமை ஒழிப்பு மாநாடு. பேசச் சொன்னார்கள். நடுங்கிக் கொண்டே எழுந்தவர், மண்டபத்தை நடுங்க வைத்துவிட்டு அமர்ந்தார். ஒழிப்பு இயக்கத் தலைவர் வில்லியம் லாயிட் காரிசன் அவரை இயக்கத்தின் பேச்சாளராக்கினார். ரயில் பெட்டியிலிருந்து இழுத்துத் தள்ளப்பட்டார். 1843இல் இந்தியானா மாநிலத்தில் வெறிக் கும்பல் தாக்கிக் கை எலும்பு முறிந்தது. ஓயவில்லை.

மேடையில் அவர் செய்து காட்டும் ஒரு நடிப்பு உண்டு. தென்பகுதிப் போதகரைப்போல் குரலை இழுத்து, கண்ணை மேலே செருகி, அடிமைகளுக்கு உபதேசம் செய்வார். ஆண்டவன் உங்களுக்கு முரட்டுக் கையும் வலிய உடலும் தந்தது உழைக்க. எஜமானர்க்கு மெல்லிய கையும் மூளையும் தந்தது உங்களுக்காகச் சிந்திக்க என்று அந்தப் போதகர்கள் பேசியதை அப்படியே காட்டுவார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும், முடமான ஹென்னியின் முதுகைப் பற்றிச் சொல்வார்.

ஏடு தந்த தீர்ப்பு எது?

வேதம் அடிமை முறையை ஆதரித்ததா, எதிர்த்ததா? இரு தரப்பும் ஒரே நூலைத்தான் புரட்டின. நோவா தன் பேரனுக்கு இட்ட சாபத்தை எடுத்துக் காட்டினார்கள் தெற்கத்தியப் போதகர்கள். ஊழியரே, கீழ்ப்படியுங்கள் என்ற திருமுகங்களைக் காட்டினார்கள். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து ஒரு மக்கள் இனம் வெளியேறிய வரலாற்றைக் காட்டினார்கள் எதிர்த்தவர்கள். மாந்தரெல்லாம் ஒரே குருதி என்பதைக் காட்டினார்கள். ஆக, ஏடு தானாக யாரையும் விடுவிக்கவில்லை. எடுத்தவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதே தீர்ப்பாயிற்று.

நின்றவர்களும் உண்டு, மறைக்கலாகாது. 1688இலேயே ஜெர்மன்டவுனில் குவேக்கர் சிலர் மனிதனை விற்பதைக் கண்டித்து எழுதி ஒப்பமிட்டனர். அவர்கள் சபையே அதை ஏற்க ஏறக்குறைய 90 ஆண்டு ஆயிற்று. 1776இல் பிலடெல்பியாவின் குவேக்கர்கள், அடிமை வைத்திருப்பவன் எங்கள் சபையில் இருக்கலாகாது என்று முடிவு கட்டினர். மெதடிஸ்டு சபையைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1774இல் அடிமை வாணிபத்தைச் சாடி நூல் எழுதினார். 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகள் மாநாடு கூடி, உறுப்பினர்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதி செய்தனர். எங்கே கூடினர் தெரியுமா? அதே பால்டிமோரில்!

விதி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. செல்வர்கள் முகம் சுளித்தனர். சபை விதியை நிறுத்தி வைத்தது. பஞ்சு வாணிபம் பெருகப் பெருகப் போதனையும் மாறிற்று. தவிர்க்க முடியாத தீமை என்றவர்கள், பிறகு, தெய்வ ஏற்பாடு என்றனர். 1844இல் அடிமை வைத்திருந்த ஒரு பேராயரைப் பதவியில் வைப்பதா என்ற கேள்வியில் மெதடிஸ்டு சபை இரண்டாகப் பிளந்தது. 1845இல் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் தனிச் சபை கண்டனர். ஆண்டவன் ஒருவனே என்றவர்கள், அடிமைக்காக அவனுக்கு இரண்டு வீடு கட்டினர்!

அந்த 1845ஆம் ஆண்டில்தான் டக்ளசின் வரலாற்று நூல் வெளிவந்தது. பெயர், ஊர், எஜமானன், எல்லாவற்றையும் பச்சையாக எழுதினார். நூலின் இறுதியில் ஒரு விளக்கமும் சேர்த்தார்: ஏசுவின் சமயத்தை நான் எதிர்க்கவில்லை, தொட்டிலைக் கொள்ளையிட்டு, பெண்ணை அடித்து, அந்தப் பணத்தில் ஆலயம் எழுப்பும் சமயத்தையே எதிர்க்கிறேன், ஒன்றை நேசிப்பவன் மற்றதை வெறுக்காமலிருக்க முடியாது என்பது அதன் சாரம்.

பணத்தைத் திருப்பிக் கொடு!

நூல் வெளிவந்ததால் பழைய எஜமானன் ஆள் அனுப்பிப் பிடிக்கும் அபாயம். கடல் கடந்து அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து சென்றார். ஸ்காட்லாந்திலே ஒரு செய்தி கேட்டார். 1843இல் அரசின் பிடியிலிருந்து விலகி வந்த சுயேச்சைச் சபை, ஆலயம் கட்ட நிதி திரட்டியபோது, அமெரிக்காவின் அடிமைப் பண்ணையார்களிடமிருந்தும் ஏறக்குறைய 3,000 பவுன் பெற்றிருந்தது. பெரும் புலவர்கள் நிறைந்த சபை. மனசாட்சிக்காகப் பதவியும் வருவாயும் துறந்த சபை!

டக்ளஸ் ஊர் ஊராகச் சென்று ஒரே முழக்கம் எழுப்பினார்: பணத்தைத் திருப்பிக் கொடு! அந்தப் பவுன் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். விற்கப்பட்ட தாயின் விலையல்லவா அது என்று கேட்டார். சுவர்களிலும் நடைபாதைகளிலும் மக்கள் அந்த முழக்கத்தை எழுதினர், தெருப்பிள்ளைகள் பாடினர். சபை பணத்தைத் திருப்பவில்லை. ஆனால் அதன்பின் அந்தப் பணத்தை வைத்திருப்பது அவர்களுக்கு எளிதாக இல்லை. அடிமைக்காரன் கையை நீட்டியபோது அதைப் பற்றியவர் யாராயினும், அவர் பேராலும் அடிமை முறை வாழ்கிறது என்பதை மக்கள் கண்டு கொண்டனர்.

ஆங்கில நண்பர்கள் பணம் திரட்டி, 150 பவுன் கொடுத்து, 1846 டிசம்பரில் ஹியூ ஆல்டிடமிருந்து விடுதலைப் பத்திரம் வாங்கினர். மனிதனுக்கு விலை கொடுப்பது அவனைச் சொத்து என்று ஒப்புவதாகாதா என்று இயக்கத்தார் சிலர் கடிந்தனர். கொள்ளைக்காரனிடம் பணம் கொடுத்து உயிர் மீட்பது கொள்ளையை ஒப்புவதாகாது என்பது டக்ளசின் எண்ணம். திரும்பி வந்து, 1847இல் ராச்செஸ்டர் நகரில் வடமீன் என்று பொருள்படும் பெயரில் ஏடு தொடங்கினார். தப்பியோடும் அடிமைக்கு இரவில் வழி காட்டுவது அந்த விண்மீன்தானே! 1848இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட முதல் மாநாட்டில், தயங்கியவர்கள் நடுவே எழுந்து அந்தத் தீர்மானத்தை ஆதரித்தார்.

1850இல் ஒரு கொடிய சட்டம் வந்தது. தப்பிய அடிமைக்குச் சோறு போட்டாலும், இடம் கொடுத்தாலும் 1,000 டாலர் தண்டம், ஆறு மாதம் சிறை. பசித்தவனுக்கு உணவளிப்பதையே குற்றமாக்கிய சட்டம்! அதற்கும் கீழ்ப்படிய வேண்டும் என்று உபதேசித்தனர் புகழ்பெற்ற போதகர்கள். டக்ளசின் வீடோ, தப்பி வருவோர் தங்கிச் செல்லும் சத்திரமாயிற்று. அங்கிருந்து கனடா எல்லைக்கு வழியனுப்பி வைத்தார்.

போரும் விடுதலையும்

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்த நாடு. இது நாட்டு ஒற்றுமைக்கான போர் மட்டுமே என்றனர் ஆள்வோர். அடிமை ஒழிப்புப் போராக்கு, கருப்பர் கையில் துப்பாக்கி கொடு என்று டக்ளஸ் ஓயாது எழுதினார். 1863 ஜனவரி முதல் நாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம். டக்ளஸ் படைக்கு ஆள் திரட்டினார். முதலில் தம் இரு மைந்தர்களைச் சேர்த்தார்.

வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கருப்புச் சிப்பாய்க்கு 10. அதிலும் உடைக்கென்று 3 பிடித்தம். குண்டு நிறம் பார்க்கவில்லை, கூலி மட்டும் நிறம் பார்த்தது! மாசசூசெட்ஸ் 54ஆவது படையினர், குறைந்த கூலியைத் தொட மாட்டோம் என்று மாதக் கணக்கில் சம்பளமே வாங்காமல் போரிட்டனர். 1863 ஆகஸ்டில் டக்ளஸ் வெள்ளை மாளிகை சென்று, சம கூலி, பதவி உயர்வு, பிடிபட்டவர்க்குப் பாதுகாப்பு என மூன்று கோரிக்கைகளை லிங்கனிடம் வைத்தார். 1864இல் சம கூலிச் சட்டம் நிறைவேறிற்று. 1865 டிசம்பரில் அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்தது.

யாருக்கு நன்றி?

கருப்பருக்கு வாக்குரிமை தந்த திருத்தம் 1870இல் வந்தது. வெற்றி விழாக்களில் எல்லாரும் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்கள். டக்ளஸ் மட்டும், நான் மனிதர்களுக்கு நன்றி சொல்கிறேன் என்றார். சிறை சென்றவர், அடி பட்டவர், தூக்கில் தொங்கியவர், போரில் மாண்டவர். அவர்கள் வழியாக அல்லாமல் ஆண்டவன் இதைச் செய்யவில்லை என்பது அவர் கருத்து. பிலடெல்பியாவின் கருப்புப் போதகர்களே அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டனர். அவர் கலங்கவில்லை. கால் கொண்டு ஓடும்வரை தம் வேண்டுதல் பலிக்கவில்லை என்று சிரித்துக் கொண்டே சொல்லி வந்தவராயிற்றே!

1877இல் பழைய எஜமானன் தாமஸ் ஆல்டு சாகக் கிடந்தபோது, அவனைப் பார்க்கச் சென்றார். அப்போது டக்ளஸ் தலைநகர் வாஷிங்டனின் உயர் அதிகாரி. நடுங்கும் கிழவனின் கையைப் பற்றினார். இருவர் கண்ணிலும் நீர். மனிதனை மன்னித்தார்; அந்த மனிதனைக் கெடுத்த முறையை அவர் மன்னிக்கவே இல்லை.

ஏனென்றால் அந்த முறை வேறு உடையில் திரும்பிக் கொண்டிருந்தது. 1869இல் அச்சுத் தொழிலாளியான அவர் மகன் லூயிசை, கருப்பன் என்பதற்காக வாஷிங்டன் அச்சுத் தொழிலாளர் சங்கம் சேர்க்க மறுத்தது. டக்ளஸ் கடுமையாகச் சாடினார். ஆனால் சங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கருப்புத் தொழிலாளரின் தேசிய சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1888இல் தெற்கே சென்று பார்த்துவிட்டு வந்து, விடுதலை என்பது மோசடியாகிவிட்டது என்று தலைநகரில் முழங்கினார். காசாகக் கூலி தருவதில்லை. பண்ணையார் கடையில் மட்டும் செல்லும் சீட்டுத் தருகிறான். அந்தக் கடையில் விலை அவன் வைத்தது. ஆண்டு முடிவில் உழவனுக்கு மிஞ்சுவது கடன். சங்கிலி போயிற்று, சீட்டு வந்தது! பிறகு, கும்பல் சேர்ந்து கருப்பரைக் கொல்லும் கொடுமையை எதிர்த்து, 75 வயதுக்குப் பிறகும் மேடை ஏறினார்.

1895 பிப்ரவரி 20ஆம் நாள், பெண்கள் மாநாடு ஒன்றில் கலந்து கொண்டுவிட்டு வீடு திரும்பிய மாலையில், மாரடைப்பால் சாய்ந்தார். அவர் பிறந்த ஆண்டில் பண்ணை ஏட்டில் ஒரு வரி. இறந்தபோது உலகெங்கும் ஏடுகளில் தலைப்புச் செய்தி.

தெற்கத்திய பாப்டிஸ்டு சபை, அடிமை முறைக்குத் துணை நின்றதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. எந்த ஆண்டு? 1995! சபை பிறந்து 150 ஆண்டு, டக்ளஸ் மறைந்து 100 ஆண்டு கழித்து. மன்னிப்பு வரட்டும், நல்லதுதான். ஆனால் ஹென்னி அதுவரை காத்திருக்க முடியுமா? காத்திருக்காதவர்களால் அல்லவா அவள் இனம் விடுதலை பெற்றது!

அநீதி ஒன்று நெடுங்காலம் நிலைத்திருக்கக் கண்டால், தோழர்களே, அதைச் செய்யும் கையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு நியாயம் சொல்லும் வாய் எது, அது கொடுக்கும் நன்கொடையை வாங்கும் பெட்டி எது, பக்கத்தில் நிற்கும் தொழிலாளியைப் பகைவனாக்கிக் காட்டும் சூழ்ச்சி எது என்று தேடுங்கள். டக்ளஸ் அப்படித்தான் தேடினார். கண்டதை ஊரறியச் சொன்னார். ஆசி நீங்கிய சவுக்கு, வெறும் தோல்வார் ஆயிற்று.